பிரஷ்ஷா, ஸ்பிரேயா, பவுடரா? கொழும்பில் சைக்கிள் பிரேமுக்குப் பெயின்ட் தெரிவு செய்வது

காலி வீதி நெடுகப் பெற்றோல் வரிசை நின்ற 2022 இல் கொழும்பில் பலர் சைக்கிளுக்கு மாறினார்கள். அவசரத்தில் புதிதாக வாங்கியவர்களும் உண்டு, ஊரில் சாய்ப்புக்குள் கிடந்த அப்பாவின் பழைய சைக்கிளை லொறியில் ஏற்றுவித்தவர்களும் உண்டு. அந்தச் சைக்கிள்களுக்கு இப்போது வயது தெரியத் தொடங்கிவிட்டது. பெடல் அச்சுக்கு அடியில் பெயின்ட் குமிழி விட்டிருக்கும். நகத்தால் கிள்ளினால் செதிலாகக் கழன்று வரும், உள்ளே கறள்.

எங்கள் தொடர்மாடியில் மூன்றாம் மாடித் தம்பி ஒருவர் போன மாதம் தன் சைக்கிளை லிஃப்டில் ஏற்றிக் கொண்டுவந்து என் கதவடியில் சாய்த்துவிட்டுக் கேட்டார்: "அண்ணா, இதுக்கு ஸ்பிரே டின் வாங்கவா, எனமல் அடிக்கவா, இல்லாட்டி பவுடர் கோட்டிங்குக்குக் குடுக்கவா?" இதே கேள்வியை இதற்கு முன்பும் சிலர் கேட்டிருக்கிறார்கள். நான் பெயின்டராக வேலை பார்த்தவன் அல்ல. இரண்டு பிரேம்களைக் கெடுத்து, மூன்றை ஒப்பேற்றிய அனுபவம் மட்டும் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

## பெயின்டைப் பார்க்கும் முன் பார்க்க வேண்டியவை

முதலாவது உலோகம். ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தம் ஒன்றை எடுத்து பிரேமில் வையுங்கள். ஒட்டினால் இரும்பு, அதாவது ஸ்டீல். ஒட்டாமல் வழுக்கினால் பெரும்பாலும் அலுமினியம். கார்பன் பிரேம் என்றால் இந்தக் கட்டுரையை இதோடு விட்டுவிடுங்கள். பெயின்ட் ரிமூவர் அதன் பிசினையும் சேர்த்துக் கரைக்கும், சூட்டு அடுப்பும் அதற்கு ஆகாது.

இரண்டாவது இடம். பெயின்ட் அடிக்க உங்களுக்கு எங்கே இடம் இருக்கிறது? வெள்ளவத்தைத் தொடர்மாடியின் பல்கணியா, தெகிவளையில் முற்றமுள்ள வீடா? கொழும்பில் பலருக்கு இந்த ஒரு கேள்வியே பாதித் தெரிவைச் செய்து கொடுத்துவிடும்.

மூன்றாவது காற்று. பெயின்ட் டின்னின் பின்புறம் எழுதியிருக்கும் காயும் நேரத்தை அப்படியே நம்பக்கூடாது. அது உலர்ந்த காற்றுக்கு எழுதியது. நம் காற்றில் எப்போதும் ஈரம். கடலுக்கும் காலி வீதிக்கும் இடையே இருப்பவர்களுக்கு ஈரத்தோடு உப்பும் இலவசம். ஜனவரியும் பெப்ரவரியும் இந்த வேலைக்குத் தங்கமான மாதங்கள். மே மாதக் கடைசியிலிருந்து தென்மேற்குப் பருவமழை. ஒக்டோபர், நவம்பரில் காலை வெயிலைப் பார்த்து ஏமாந்து தொடங்கினால் பின்னேரம் இடி மழை வந்து கணக்குத் தீர்க்கும்.

மற்றவை சுருக்கமாக: சைக்கிள் இல்லாமல் எத்தனை நாள் சமாளிக்கலாம், நாளைக்கு ஒரு கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் திருத்த முடியுமா, உங்கள் நுரையீரலுக்கும் பக்கத்து வீட்டாருக்கும் என்ன ஆகும், டின் விலைக்கு மேல் எவ்வளவு போகும். விலையை ரூபாவில் எழுதவில்லை. இன்றைக்கு எழுதினால் அடுத்த மாதம் பொய்யாகிவிடும். எது எதைவிடக் கூடுதலாக இழுக்கும் என்று மட்டும் சொல்கிறேன்.

இன்னொரு கணக்கும் முதலிலேயே தெரிந்திருப்பது நல்லது. என் பழைய ரோட்ஸ்டரைத் தையல் நூலால் சுற்றி அளந்து பார்த்தேன். மேல் பாரின் சுற்றளவு 8 சென்டிமீற்றர், கீழ்ப் பாரின் சுற்றளவு 9. நீளங்களோடு பெருக்கி, போர்க்கையும் (முன் சக்கரத்தைப் பிடிக்கும் கவை) சேர்த்தால் முழு பிரேமும் ஒரு சதுர மீற்றரில் மூன்றில் ஒரு பங்குதான் வருகிறது. விரித்த பத்திரிகைத் தாளைவிடக் குறைவு. "ஒரு லீற்றர் வாங்குங்கோ சேர்" என்று கடையில் சொன்னால் இந்த எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள்.

## ஸ்பிரே டின்

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். 400 மில்லிலீற்றர் டின், ஹார்ட்வெயார் கடைகளில் வரிசையாக நிறநிறமாக நிற்கும், குலுக்கினால் உள்ளே குண்டு கடகடவென்று சத்தம் போடும். பிரஷ் கழுவும் தொல்லை இல்லை, தொட்டுப் பார்க்கும் அளவுக்குப் பதினைந்து இருபது நிமிடத்தில் காய்ந்துவிடும், பிரஷ் கோடு விழாது. மெட்டாலிக் நிறம் வேண்டுமானால் வீட்டில் ஸ்பிரேயை விட்டால் வேறு வழியில்லை. பிரஷ்ஷால் மெட்டாலிக் அடித்தால் மாடு நக்கியது போல இருக்கும்.

இனிக் கஷ்டங்கள். பிரேம் என்பது ஒல்லிக் குழாய்களின் கூட்டம். கதவுக்கு ஸ்பிரே அடித்தால் பெயின்ட் கதவில் விழும். 8 சென்டிமீற்றர் சுற்றளவுள்ள குழாய்க்கு அடித்தால் பாதிக்கு மேல் அதைத் தாண்டிக் காற்றில் போய்விடும். அதனால் ஒரு டின் போதாது. பிரைமர் (நிறத்துக்கு அடியில் போவது) ஒன்று, நிறம் இரண்டு, கிளியர் (நிறத்துக்கு மேல் போகும் நிறமில்லாத பூச்சு) ஒன்று அல்லது இரண்டு என்று வாங்க வேண்டி வரும். நான்கைந்து டின்னின் விலையைக் கூட்டிப் பாருங்கள், "மலிவு" என்ற சொல் மெல்ல நழுவிவிடும்.

தாண்டிப் போகும் அந்தப் பாதி எங்கே போகிறது? என் முதல் பிரேமை மொட்டைமாடியில் வைத்து நீலம் அடித்தேன். காற்று கடல் பக்கமிருந்து வீசியது. பத்தடி தள்ளிக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தவை நான்காம் மாடி அன்ரியின் பிள்ளைகளுடைய வெள்ளைப் பள்ளிச் சீருடைகள். அன்ரி சத்தம் போடவில்லை. சட்டை ஒன்றை எடுத்துவந்து என் முன்னால் விரித்துப் பிடித்தார், அவ்வளவுதான். பன்னீர் தெளித்த மாதிரி நீலப் புள்ளிகள். அந்த மாதம் பெயின்டைவிடச் சீருடைக்குத்தான் கூடுதலாகச் செலவானது.

கொழும்புக்கே உரிய இன்னொரு வில்லங்கம் வெளிறல். ஸ்பிரேயில் இருக்கும் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பைக் குளிரவைக்கிறது. ஈரக் காற்றிலுள்ள நீர் அந்தக் குளிர்ந்த பரப்பில் படிந்து பெயின்டுக்குள் சிக்கிவிடும். கறுப்பு அடித்தால் மேலே பால் ஊற்றியது போல ஒரு மங்கல் படரும். மழை விட்ட பின்னேரத்தில் "இப்ப நல்ல குளிர்மையா இருக்கு" என்று அடிக்கத் தொடங்கினால் இதுதான் நடக்கும். காலை பத்து மணியிலிருந்து பிற்பகல் இரண்டு மணி வரை, வெயிலுள்ள நாளில், பிரேம் நிழலில் இருக்க அடிக்க வேண்டும். டின் குளிர்ந்திருந்தால் இளஞ்சூட்டுத் தண்ணீரில் சில நிமிடம் வையுங்கள். கொதிநீரிலோ நெருப்பிலோ வைத்துவிடாதீர்கள், வெடிக்கும்.

அடுத்த தட்டை, அதாவது அடுத்த பூச்சை, எப்போது அடிப்பது என்பதையும் கவனிக்க வேண்டும். பல டின்களில் ஒரு மணித்தியாலத்துக்குள் அடிக்கவும், இல்லாவிட்டால் 24 மணித்தியாலத்துக்குப் பிறகு அடிக்கவும் என்று இருக்கும். யாரும் வாசிப்பதில்லை. இடைப்பட்ட நேரத்தில் அடித்தால் பாதி காய்ந்த கீழ்த்தட்டை மேல்தட்டின் கரைப்பான் ஊறவைத்து, முதலையின் தோல் மாதிரிச் சுருக்கிவிடும்.

கடைசியாக உறுதி. சாதாரண ஸ்பிரே டின்னில் இருப்பது கரைப்பான் ஆவியாகிக் காய்கிற பெயின்ட். அது இறுகிப் பிணைவதில்லை. காய்ந்த பிறகும் தின்னர் பட்டால் கரையும், பிரேக் ஒயில் பட்டால் போய்விடும், பூட்டுச் சங்கிலி உராய்ந்தால் உலோகம் தெரியும். ஸ்டேஷன் கம்பியில் தினமும் சங்கிலி போட்டுப் பூட்டுகிறவருக்கு இது சரிவராது. ஞாயிறு காலை சுதந்திர சதுக்கத்தைச் சுற்றுகிற சைக்கிளுக்கு, முற்றம் உள்ளவருக்கு, மெட்டாலிக் ஆசை உள்ளவருக்கு ஸ்பிரே சரி.

## எனமலும் பிரஷ்ஷும்

இதைச் சொன்னாலே முகம் சுளிப்பார்கள். "கேட்டுக்கு அடிக்கிற பெயின்டையா சைக்கிளுக்கு?" ஆமாம், அதையேதான். கடற்கரைப் பக்க வீடுகளின் இரும்பு கேட்டுகள் வருடக்கணக்கில் உப்புக் காற்றைக் குடித்துக்கொண்டு நிற்பது அந்தப் பெயின்டின் துணையோடுதான்.

ஒரு சின்ன டின், 200 மில்லிலீற்றர், எந்த ஹார்ட்வெயார் கடையிலும் கிடைக்கும். மல்டிலக், ரொபியலக், நிப்பொன் என்று பெயர்கள் மாறும். பிரேமுக்கு எது என்பதில் நான் பெரிய வித்தியாசம் பார்க்கவில்லை. ஒரு லீற்றர் எனமல் ஏறத்தாழ 12 சதுர மீற்றரை மூடும். நம் மூன்றில் ஒரு பங்கு சதுர மீற்றருக்கு ஒரு தட்டுக்கு 30 மில்லிலீற்றர் போதும், அதாவது ஒரு யோகட் கப்பில் பாதிகூட வேண்டாம். மூன்று தட்டு அடித்தாலும் டின்னில் பாதி மிஞ்சும். அந்த மிச்சம் வீண் இல்லை, பின்னாளில் கீறல் திருத்த அதுதான் கைகொடுக்கும்.

பிரஷ் கோடு தெரியுமே என்பதுதான் எல்லோருக்கும் பயம். எனமல் மெதுவாகக் காய்வதால் தன்னைத்தானே சமன்படுத்திக்கொள்ள நேரம் எடுத்துக்கொள்கிறது. அந்த நேரத்தைக் கெடுக்காமல் விட்டால் போதும். மயிர் உதிராத ஒரு அங்குல மெல்லிய பிரஷ் வாங்குங்கள், டின்னுக்குச் செலவழித்ததற்குக் குறையாமல். பெயின்டை யோகட் கப்பில் ஊற்றி, பத்துக்கு ஒன்று என்ற அளவுக்கு மேல் போகாமல் டர்பன்டைன் கலந்து, பிரஷ்ஷின் நுனியை மட்டும் தோயுங்கள். குழாயைச் சுற்றிக் குறுக்காகத் தடவி, உடனே நீளவாட்டில் ஒரே ஒரு இழுப்பு. பிறகு தொடக்கூடாது. "இங்க கொஞ்சம் மெல்லிசா இருக்கே" என்று ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பிப் போய்த் தடவியதால் வந்த கோடுகள்தான் என் இரண்டாவது பிரேமின் கீழ்ப் பாரில் இன்னும் இருக்கின்றன.

பிரேமைத் தொங்கவிட்டு அடிப்பது நல்லது. ஹெட் டியூபுக்குள் (ஹேண்டில் இறங்கும் முன்குழாய்) கம்பி ஒன்றைக் கோர்த்துக் கொடிக்கம்பத்திலோ கதவு நிலையிலோ கொழுவுங்கள். பின் சக்கரம் பூட்டும் இடத்தின் மூலைகளில் பெயின்ட் ஒழுகித் துளியாக நிற்கும், பத்து நிமிடத்தில் ஒருமுறை பார்த்து வெறும் பிரஷ்ஷால் எடுத்துவிடுங்கள். தொடங்கும் முன் தரையில் தண்ணீர் தெளித்தால் தூசு எழும்பாது. ஒவ்வொரு தட்டுக்கும் இடையில் ஒரு இரவு, மழைக்காலம் என்றால் இரண்டு இரவு. 400 ஆம் நம்பர் சாண்ட்பேப்பரைத் தண்ணீரில் நனைத்து லேசாகத் தேய்த்து, துடைத்து, அடுத்த தட்டு.

எனமலின் மறைச் செலவு காசு அல்ல, நாள். தொட்டால் ஒட்டாது என்பது வேறு, இறுகிவிட்டது என்பது வேறு. முழுதாக இறுக இரண்டிலிருந்து நான்கு கிழமை ஆகும். அவசரப்பட்டு இரண்டாம் நாளே சீட் கிளாம்பை முறுக்கினால் பெயின்ட் பிதுங்கி வரும். நிறத்தையும் யோசித்துத் தெரிவு செய்யுங்கள். சிவப்பு வெயிலில் சீக்கிரம் வெளிறும், வெள்ளை சில வருடத்தில் மஞ்சள் தட்டும். பழைய கறுப்பும் கரும்பச்சையும் சும்மா வந்த வழக்கம் இல்லை.

ஸ்டீல் பிரேம், தினமும் ஓடும் சைக்கிள், தொடர்மாடி வாசம், பதினைந்து நாள் பஸ்ஸில் போகச் சம்மதம் என்றால் நான் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். புகை மாதிரிப் பறக்காது, அன்ரியின் துணிக்கு ஆபத்தில்லை. மணம் இருக்கும், ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.

## வாகனப் பெயின்ட்: 2கே

காருக்கு அடிப்பது. பெயின்ட் ஒரு டின், அதை இறுகவைக்கும் ஹார்ட்னர் இன்னொரு டின். இரண்டையும் கலந்ததும் வேதிமாற்றம் தொடங்கிவிடும், குறித்த நேரத்துக்குள் அடித்து முடிக்க வேண்டும். காய்ந்த பிறகு பெற்றோலும் தின்னரும் லேசில் ஒன்றும் செய்யாது. மினுக்கம் கண்ணாடி மாதிரி. பஞ்சிகாவத்தை மாதிரி வாகனச் சாமான்கள் விற்கும் இடங்களில் கேட்டால் நிறத்தை அளவாகக் கலந்து தரும் கடைகளைக் காட்டுவார்கள்.

பெறுபேற்றைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. வீட்டில் அடிப்பதைப் பற்றித்தான் இருக்கிறது. அந்த ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்ற பொருள் உண்டு. ஸ்பிரேயாகப் பறக்கும்போது அதைச் சுவாசித்தால் ஆஸ்துமா வரலாம். ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை பிடித்துக்கொண்டால், பிறகு வாழ்நாள் முழுக்கச் சிறிதளவு பட்டாலே மூச்சு இழுக்கும். மூக்கில் கட்டும் துணி முகக்கவசமும் கொரோனாக் கால முகக்கவசமும் இதற்கு வெறும் அலங்காரம். கராஜில் ஒழுங்காக அடிப்பவர்கள் வெளியிலிருந்து குழாயில் காற்று வரும் கவசம் போடுகிறார்கள். இதற்கு மேல் ஸ்பிரே கன், கொம்பிரசர். ஒரு பிரேமுக்காக இவற்றை வாங்குவது மீன் குழம்புக்காக வள்ளம் வாங்குவது போல.

ஸ்பிரே டின்னிலேயே ஹார்ட்னர் அடைத்த 2கே கிளியரும் விற்கிறார்கள். அடிப்புறப் பொத்தானை அமுக்கினால் உள்ளே இரண்டும் கலந்துவிடும். அமுக்கிய பிறகு ஓரிரு நாளில் மிச்சம் டின்னுக்குள்ளேயே கல்லாகிவிடும், அதனால் மிச்சம் பிடிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். ஸ்பிரே நிறத்தின் மேல் இதை அடித்தால் ஸ்பிரேயின் பலவீனம் பெரும்பாலும் தீரும். ஆனால் ஐசோசயனேட் இதிலும் அதேதான். பல்கணியில், அதுவும் பக்கத்துப் பல்கணியில் குழந்தை இருக்க, இதை அடிக்க எனக்கு மனம் வராது.

வேண்டுமானால் இப்படிச் செய்யலாம். பழைய பெயின்டை நீங்களே உரித்து, கறள் எடுத்து, தேய்த்து முடித்த பிரேமை டிங்கரிங் பெயின்டிங் செய்யும் கராஜ் ஒன்றுக்குக் கொண்டு போங்கள். அங்கே யாராவது ஒருவருடைய வெள்ளை வானுக்கோ சிவப்பு த்ரீவீலருக்கோ கலந்த பெயின்டில் மிஞ்சியது இருக்கும். அந்த நிறத்தை ஏற்றுக்கொண்டால் பாஸ் மிகக் குறைவாகத்தான் கேட்பார். கூலியில் பெரும்பகுதி தேய்ப்பதற்குத்தான், அதை நீங்கள் முடித்துவிட்டீர்களே.

## பவுடர் கோட்டிங்

இது வீட்டு வேலை இல்லை, ஆனாலும் எல்லோரும் கேட்பதால் சொல்கிறேன். மின்னேற்றிய தூளைத் தூவி, 180 இலிருந்து 200 பாகை செல்சியஸ் வரை சூடான அடுப்பில் வைத்தால் தூள் உருகி ஒரே தோலாகிவிடும். தடிப்பானது, முட்டி மோதலைத் தாங்கும், அன்றைக்கே சைக்கிளைப் பூட்டி ஓடலாம். கிறில், அலுமினிய ஜன்னல், அலோய் வீல் செய்யும் இடங்களில் பிரேமையும் எடுப்பார்கள்.

கேட்டுத் தெளிய வேண்டிய விஷயங்கள் சில இருக்கின்றன. முதலில் மரை வெட்டிய இடங்கள். பெடல் அச்சு போகும் குழாயின் மரையிலும் ஹேண்டில் திரும்புவதற்கான ஹெட்செட் கப் இறங்கும் இடத்திலும் பவுடர் ஏறினால் பிறகு எதுவும் பூட்டாது. அவற்றை அடைத்துத் தாருங்கள் என்று கையால் தொட்டுக் காட்டிச் சொல்ல வேண்டும். ஜன்னல் செய்கிறவருக்குச் சைக்கிள் மரை தெரிந்திருக்க வேண்டும் என்று இல்லை. அடுத்து மணல் வீச்சு. கரடுமுரடான மணலை அழுத்தமாக வீசினால் மெல்லிய குழாயின் சதை போய்விடும், குழாய்க்குள் மணலும் தங்கும். மூன்றாவது நெளிந்த இடத்தை நிரப்பிய புட்டி: சாதாரண புட்டி அந்தச் சூட்டைத் தாங்காது. அலுமினிய பிரேம் என்றால் எத்தனை பாகையில் எத்தனை நிமிடம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அது ஏற்கனவே சூட்டில் பதப்படுத்திய உலோகம், தேவைக்கு மேல் வேகவைக்கக்கூடாது.

நிறமும் உங்கள் இஷ்டத்துக்கு இல்லை. ஒரு பிரேமுக்காக யாரும் மெஷினைக் கழுவி நிறம் மாற்றமாட்டார்கள், அன்றைக்கு எந்த நிறம் ஓடுகிறதோ அதுதான்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு என் ஒரே எச்சரிக்கை: பவுடர் ஒரு இடத்தில் உடைந்தால் தண்ணீர் அந்தத் தோலுக்கு அடியில் ஊர்ந்து போகும். மேலே பளபளவென்று இருக்கும், உள்ளே கறள் பரவிக்கொண்டிருக்கும். அந்த இடத்தை மட்டும் அதே மாதிரித் திருத்தவும் முடியாது. உடைந்த உடனே நகப்பூச்சு அளவிலாவது எனமல் தொட்டு மூடிவிட வேண்டும்.

## அடியில் போவது

நான்கு வழிகளையும் ஒப்பிட்டு முடித்த பிறகு இதைச் சொல்வது கொஞ்சம் அநியாயம்தான்: கொழும்பில் பிரேமின் ஆயுளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் மேலே தெரியும் பெயின்ட் அல்ல. என் முதல் பிரேம் எட்டு மாதத்தில் குமிழி விட்டது நீலம் மட்டமானதால் அல்ல. தேய்த்த பிறகு நல்ல தண்ணீரில் கழுவாமல் அடித்துவிட்டேன். உலோகத்தில் தங்கிய உப்பு, பெயின்ட் படலத்தின் ஊடாகவே ஈரத்தை உள்ளே இழுக்கும். இழுத்த ஈரம் கொப்புளமாக எழும்பும்.

ஆகவே முதலில் பாத்திரம் கழுவும் திரவம் போட்டு நன்றாகக் கழுவுங்கள், காயவிடுங்கள், பிறகு தேய்க்கத் தொடங்குங்கள். சாண்ட்பேப்பர் 120 இல் தொடங்கி 240, கடைசியில் 400. தேய்த்து முடித்ததும் நல்ல தண்ணீரில் மறுபடி கழுவித் துடைத்துவிடுங்கள். பழைய பெயின்ட் உறுதியாகப் பிடித்திருக்கும் இடங்களை வெறும் உலோகம் வரை உரிக்க வேண்டாம், சொரசொரப்பாக்கினால் போதும். அப்பா காலத்து சைக்கிள் என்றால் பெயின்டில் ஈயம் இருக்கலாம். இங்கே பெயின்டில் ஈயத்துக்குச் சட்ட வரம்பு நடைமுறைக்கு வந்தது 2013 இல்தான். அதனால் தண்ணீர் தொட்டுத் தொட்டுத் தேயுங்கள், தூசு பறக்காது. குழந்தைகளைத் தள்ளி வையுங்கள், அந்தத் தண்ணீரைப் பூச்சாடியில் ஊற்றாதீர்கள்.

ஆழமான கறளுக்கு வயர் பிரஷ், பிறகு பொஸ்போரிக் அமிலம் உள்ள கறள் நீக்கி. அலுமினியத்தில் இரும்பு வயர் பிரஷ்ஷைத் தொடவே கூடாது. தேய்த்து முடித்த வெறும் இரும்பை இரவு முழுக்க விட்டுவைத்தால் காலையில் மெல்லிய செந்நிறம் படர்ந்திருக்கும். எனவே கடைசித் தேய்ப்பும் பிரைமரும் ஒரே நாளில். அதற்கு முன் தின்னர் தொட்டுத் துடைப்பதற்கு வெள்ளை வேட்டித் துண்டு எடுங்கள். நான் பழைய சாரத்தைக் கிழித்துத் துடைத்து, அதன் ஊதாச் சாயம் பிரேம் முழுக்க ஏறியதைப் பார்த்தவன்.

ஸ்டீலுக்கு, எனமல் அடிப்பதென்றால், கடையில் "அன்டி கொரோசிவ்" என்று கேட்டாலே எடுத்துத் தருவார்கள். சிங்க் பொஸ்பேட் என்று டின்னில் எழுதியிருந்தால் நல்லது. மெல்லிதாக இரண்டு தட்டு. அலுமினியத்துக்கு அது சரியாகப் பிடிக்காது, எட்ச் பிரைமர் என்று தனியாகக் கேளுங்கள். பிரைமரும் மேல் பெயின்டும் ஒரே குடும்பமாக இருக்க வேண்டும் என்பதை மறந்தால் எல்லாமே வீண். எனமல் வகைப் பிரைமரின் மேல் ஸ்பிரே டின் அடித்தால் சுருங்கும். என்ன பெயின்ட் என்று தெரியாத பழைய தட்டின் மேல் அடிப்பதானால், தின்னர் தொட்ட பஞ்சால் ஒரு மூலையில் தேய்த்துப் பாருங்கள். கரைந்து வந்தால் அங்கே ஸ்பிரே அடிக்கப் பயப்பட வேண்டும்.

பிரேம் நம்பரையும் மறந்துவிடாதீர்கள். பெரும்பாலும் பெடல் அச்சுக் குழாயின் அடியில் வெட்டியிருக்கும். படம் எடுத்து வைத்து, அந்த இடத்தில் மெல்லிதாக அடியுங்கள். சைக்கிள் களவு போனால் பொலிஸில் முதலில் கேட்பது அதைத்தான்.

## ஒரே பார்வையில்

| | ஸ்பிரே டின் | எனமல், பிரஷ் | 2கே, கராஜில் | பவுடர் |
|---|---|---|---|---|
| வேண்டிய இடம் | திறந்த வெளி, காற்று இல்லாமல் | ஒரு அறையே போதும் | கராஜ் | கடை |
| பூட்டி ஓட | ஒரு கிழமை | இரண்டு கிழமைக்கு மேல் | சில நாள் | அன்றே |
| ஈரக் காற்று | வெளிறும் | காயத் தாமதம் | அவர்கள் பாடு | பாதிப்பில்லை |
| கீறல் திருத்தம் | ஓரளவு | மிகச் சுலபம் | நிறக் குறியீடு வேண்டும் | முடியாது |
| மறைச் செலவு | நான்கைந்து டின், பக்கத்து வீட்டார் | நாட்கள் | நீங்கள் தேய்க்காவிட்டால் கூலி | மரை சுத்தம், நிறம் கிடைக்காமை |
| மொத்தச் செலவு | நடுத்தரம் | மிகக் குறைவு | நடுத்தரம் முதல் கூட | கூட |

## யாருக்கு எது

அலுமினிய மவுண்டன் பைக், பெயின்ட் பெரும்பாலும் நல்ல நிலையில், ஆங்காங்கே கீறல் என்றால் முழுதாக அடிக்கவே வேண்டாம். அலுமினியத்துக்குச் செங்கறள் பிடிக்காது. கீறலைச் சுத்தம் செய்து எட்ச் பிரைமரும் நிறமும் தொட்டுவிட்டு, மிச்சக் காசுக்கு டாம் வீதியில் புது டயர் போடுங்கள்.

அப்பாவின் சைக்கிள், அதன் தங்கக் கோடுகளும் தலைச் சின்னமும் அப்படியே இருக்க வேண்டும் என்றால் எனமல். கோடுகளை மூடாமல் சுற்றி அடிக்கலாம். போனவற்றுக்கு, த்ரீவீலருக்கு ஸ்டிக்கர் வெட்டும் கடையில் மெல்லிய பட்டி வெட்டித் தருவார்கள். பவுடருக்குக் கொடுத்தால் எல்லாம் போய், புது கேட் மாதிரித் திரும்பி வரும்.

மழைக்காலத்தின் நடுவில், சைக்கிள் இல்லாமல் மூன்று நாளும் சமாளிக்க முடியாது என்கிறவருக்குப் பவுடர்தான் சரி. புது நிறம், மினுக்கம், படம் எடுத்துப் போட வேண்டும் என்கிறவருக்குக் கராஜில் 2கே. தேய்க்கிற வேலை உங்களுடையது.

எதைச் செய்தாலும், பூட்டும் முன் சீட் குழாய்க்குள் கொஞ்சம் ஒயில் ஊற்றி, பிரேமைப் பல பக்கம் சாய்த்து, உட்புறம் முழுக்க ஓடவிடுங்கள். மிச்சத்தை வடித்துவிடுங்கள். வெளியே எத்தனை தட்டு அடித்தாலும் கறள் உள்ளேயிருந்து தொடங்கினால் பெயின்டால் ஒன்றும் செய்ய முடியாது.

மூன்றாம் மாடித் தம்பியின் சைக்கிளில் காந்தம் ஒட்டியது. அவர் கரும்பச்சை எனமல் வாங்கினார், 200 மில்லிலீற்றர். போன சனிக்கிழமை மூன்றாவது தட்டு. நான்கு மணிக்கு மொட்டைமாடியிலிருந்து போன்: "அண்ணா, கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வருது. பெயின்ட் இன்னும் ஒட்டுது. உள்ளுக்கு எடுக்கவா, விடவா?"

"எடும் தம்பி. ஆனா பிரேமில கை வைக்காதையும், ஹெட் டியூபுக்குள்ள இருக்கிற கம்பியில பிடிச்சுத் தூக்கும். அன்ரியின்ர உடுப்புகளும் கொடியில கிடந்தா, அதையும் எடுத்துக்கொண்டு வாரும்."